வந்தியத்தேவன் போர்ட் லூயிஸில் இறங்கினால்: பொன்னியின் செல்வன் கணிப்புகளும் அன்றாடக் கற்பனைகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொரீஷியஸில் பொன்னியின் செல்வனைச் சேர்ந்து படிக்கும் நண்பர்களுக்காக எழுதியது இது. இரண்டு வேலைகளைப் பற்றிப் பேசுகிறோம். கல்கி முடிச்சவிழ்க்காமல் விட்ட இடங்களுக்கு விடை தேடும் கணிப்பு ஒன்று. அந்த மனிதர்களையே நம் தீவின் பேருந்திலும் கடையிலும் கோயில் பந்தியிலும் நடமாடவிட்டுச் சிரிக்கவைக்கும் குறுங்கதை மற்றொன்று. கதையின் ரகசியங்கள் அத்தனையும் கீழே உடைகின்றன. ஐந்தாம் பாகத்தை முடிக்காதவர்கள் முதல் இரண்டு கேள்விகளோடு நிறுத்திக்கொண்டு, முடித்தபின் திரும்பி வாருங்கள்.

முழுதும் படிக்காமல் கணிப்பு சொல்லலாமா?

சொல்லலாம், ஆனால் நிற்காது. இந்த நாவலில் ஒருவர் முதல் பாகத்தில் அடித்துச் சொன்னதை இன்னொருவர் ஐந்தாம் பாகத்தில் மறுப்பார். ஐந்து பாகங்களிலும் முறையே 57, 53, 46, 46, 91 என மொத்தம் 293 அத்தியாயங்கள். வாரம் 12 அத்தியாயம் படித்தால் சுமார் 25 வாரத்தில் முடியும். ஆடிப்பெருக்கன்று தொடங்கினால் தைப்பூசக் காவடிக்குள் முடிந்துவிடும். கதையே ஆடிப்பெருக்கில்தான் வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குகிறது என்பதால் அந்த நாளில் ஆரம்பிப்பதில் ஒரு அழகும் உண்டு. பெரும்பாலான குழுக்கள் மூன்றாம் பாகத்தில் தளர்ந்துவிடுகின்றன. அங்கே வாரம் எட்டாகக் குறைத்துக்கொண்டு, ஐந்தாம் பாகத்தில் வேகம் தானாக ஏறும்போது ஈடுகட்டுங்கள்.

எந்தப் பதிப்பு நல்லது? பக்க எண் ஒத்துவரவில்லையே?

ஒத்துவராது. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானபின் பல பதிப்பகங்கள் தங்கள் தங்கள் அளவில் அச்சிடுகின்றன. மதுரைத் திட்டத்தின் இலவச மின்நூலும் அச்சுப் பக்கங்களோடு ஒத்துவராது. ஆகவே ‘பாகம், அத்தியாயம்’ என்று மட்டும் குறியுங்கள். ஐந்தாம் பாகத்தின் முப்பதாம் அத்தியாயம் என்றால் 5.30. சொல்லை அப்படியே எடுத்துக்காட்டும்போது இரண்டு பதிப்புகளில் ஒப்பிட்டுப் பாருங்கள். மின்நூலில் தட்டச்சுப் பிழை இருக்கும். ஓர் எழுத்து மாறினால் கணிப்பே கவிழும். அப்படி ஓர் எழுத்தில் தொங்கும் கட்டம் நாவலிலேயே இருக்கிறது, பின்னால் வருகிறது.

கணிப்புக்கும் வெறும் ஆசைக்கும் என்ன வேறுபாடு?

‘பூங்குழலிக்கு அருள்மொழிவர்மன் கிடைத்திருக்க வேண்டும்’ என்பது ஆசை. ‘கிடைக்கமாட்டான் என்று பூங்குழலிக்கு முன்பே தெரியும்’ என்பது கணிப்பு. அதைச் சோதித்துப் பார்க்க முடியும். சோதிக்கும் முறை எளிது. கணிப்பை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அதற்குச் சாதகமாக மூன்று இடங்களைக் குறியுங்கள். பிறகு அதை உடைக்கக்கூடிய ஓர் இடத்தை நீங்களே தேடி எழுதுங்கள். பலரும் தவறுவது இந்தக் கடைசிப் படியில்தான். எதிர்ச்சான்று எழுதாத கணிப்பைக் கூட்டத்தில் எடுத்துக்கொள்ளாதீர்கள், எவ்வளவு ருசியாக இருந்தாலும் சரி.

சான்றுகளை எடைபோட எங்களுக்குத் தெரிந்த சிறந்த வழி, யார் சொன்னது என்று பார்ப்பது. கதைசொல்லி நேரே காட்டியது முதல் தரம். ஒருவர் தன் கண்ணால் கண்டதாகச் சொல்வது இரண்டாம் தரம். கேள்விப்பட்டது மூன்றாம் தரம். பொய் சொன்னால் லாபம் உள்ளவர் சொல்வது கடைசி. சதிக்கூட்டத்தின் ரவிதாஸனும் நந்தினியும் பேசுவதில் பெரும்பகுதி இந்தக் கடைசிக் குவியலில் விழும்.

சரி, ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கடம்பூர் மாளிகையில் அந்த இரவு என்ன நடந்தது என்பதைக் கல்கி வேண்டுமென்றே இருட்டில் வைத்திருக்கிறார். விளக்கு அணைகிறது, நேர் சாட்சியாக இருந்திருக்கக்கூடிய வந்தியத்தேவனாலும் கைகளைப் பார்க்க முடியவில்லை. முதல் தரச் சான்றே இல்லாத கொலை இது. அதனால்தான் விவாதம் இன்னும் ஓயவில்லை.

ஆட்களை வரிசையாக நிறுத்திப் பாருங்கள். நந்தினிக்குக் காரணம் மிகப் பெரியது: காலில் விழுந்து கெஞ்சியும் கரிகாலன் வீரபாண்டியனின் தலையை வெட்டினான், அந்தப் பாண்டியனின் வாளை வைத்துச் சபதம் செய்தவள் அவள். ரவிதாஸன் கூட்டத்துக்குக் காரணமும் உண்டு, திட்டமும் உண்டு, ஆளும் உண்டு. பெரிய பழுவேட்டரையர் தன் கத்திதான் கொன்றது என்று தானே பின்னால் சொல்கிறார். கடம்பூர் மணிமேகலை தான்தான் கொன்றதாகச் சொல்கிறாள். வந்தியத்தேவனைக் காப்பாற்றச் சொல்லும் பொய் அது என்பது வெளிப்படை. மீதி ஒருவன் கரிகாலனே. சாவைத் தேடிக் கடம்பூருக்கு வந்தவன் போலத்தான் அவன் பேச்சு முழுதும் இருக்கிறது.

எங்கள் தீர்ப்பு: ரவிதாஸன் கூட்டத்தை முதலில் வைக்கலாம், பழுவேட்டரையரின் வாக்குமூலத்தைக் கடைசியில் வைக்கவேண்டும். இதைக் கேட்டுப் பலர் கோபப்படுகிறார்கள், ஒப்புக்கொண்டவரை எப்படி விடுவது என்று. அந்த முதியவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். மனைவி நந்தினி தன்னைக் கருவியாக்கியதையும், தன் வீட்டு நிழலிலேயே சதி வளர்ந்ததையும் கண்டுகொண்டவர். மானமே உயிராக வாழ்ந்த மனிதருக்குப் பழியைத் தன் தலைமேல் ஏற்றுக்கொள்வது தண்டனையும் ஆகும், பிராயச்சித்தமும் ஆகும். பொய் சொல்ல அவருக்குக் காரணம் இருக்கிறது. அது லாபத்துக்கான பொய்யாக இல்லாமல் நஷ்டத்தைத் தேடும் பொய்யாக இருக்கலாம்.

இதை உடைக்கும் இடமும் உண்டு. தன் கையால் செய்யாத ஒன்றைச் செய்ததாகச் சொல்ல அந்தப் பழைய வீரர் மனம் ஒப்புமா? இந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் எங்கள் பக்கம் சேராதீர்கள்.

உடையார்குடிக் கல்வெட்டில்தான் கொலைகாரர் பெயர் இருக்கிறதே?

இருக்கிறது. காட்டுமன்னார்கோயில் அனந்தீசுவரர் கோயிலில் உள்ள, முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு அது. கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் உடைமைகள் பற்றிய அரச ஆணை. சோமன், ரவிதாஸன், பரமேசுவரன் ஆகிய பெயர்கள் அதில் வருகின்றன. பிரமாதிராஜன் என்ற பட்டம் கொண்ட அதிகாரிகள் அவர்கள். கல்கி அந்தப் பெயர்களை எடுத்து, ரவிதாஸனை மந்திரவாதியாக்கிச் சுடுகாட்டுச் சதியில் உட்கார வைத்தார். எனவே ‘வரலாற்றில் யார்’ என்பதும் ‘நாவலில் யார்’ என்பதும் வேறு வேறு கேள்விகள். ஒன்றுக்கான சான்றை மற்றொன்றில் போடுவது இந்த விவாதத்தில் வழக்கமாக நடக்கும் பிழை. நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான் மூவரும் கல்கியின் படைப்பு. கல்வெட்டில் தேடி அலையாதீர்கள். வந்தியத்தேவர் இருந்தார்: தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு குந்தவையை அவருடைய தேவியாகக் குறிப்பிடுகிறது.

நந்தினி யாருடைய மகள்?

தாயில் சிக்கல் இல்லை: ஊமை ராணி மந்தாகினி. முகச்சாயலே சொல்லிவிடும். தந்தைதான் கேள்வி. சுந்தர சோழர் என்று அவர் மகள் குந்தவை நம்புகிறாள். அந்த நம்பிக்கையில்தான் ‘நந்தினி நம் சகோதரி’ என்று கரிகாலனுக்குச் சொல்லியனுப்புகிறாள். கருத்திருமன் சொல்வதை ஏற்றால் தந்தை வீரபாண்டியன். அப்போது நந்தினியின் சபதமே உருமாறிவிடுகிறது: காதலனுக்காகப் பழிவாங்குகிறோம் என்று நினைத்தவள் தந்தைக்காகப் பழிவாங்கியிருக்கிறாள்.

குந்தவை சொல்வது ஊகம், மூன்றாம் தரம். கருத்திருமன் சம்பவத்தின் அருகில் இருந்தவன், இரண்டாம் தரம். ஆனால் அவனும் பாண்டியர் பக்கத்து ஆள். இரண்டையும் தராசில் வைத்தால் கருத்திருமன் பக்கம் சற்றே தாழும், தரையைத் தொடாது. இங்கே நாங்கள் சொல்ல விரும்புவது வேறு. பெற்றவர் யார் என்பதைவிட, யார் மகள் என்று *எந்த நேரத்தில் எதை நம்பினாள்* என்பதுதான் அவள் செயல்களை விளக்குகிறது. ஒரு தாளை எடுத்து, நந்தினி வரும் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் எதிரே அந்த வேளையில் அவள் நம்பியது என்ன என்று எழுதிப் பாருங்கள். கொடுமைக்காரி என்று தோன்றிய சில இடங்களில், ஏமாற்றப்பட்ட ஒரு பெண் மெல்லத் தெரிய ஆரம்பிப்பாள்.

படம் மட்டும் பார்த்தவர்களைச் சேர்த்துக்கொள்ளலாமா?

கண்டிப்பாக. 2022, 2023 ஆண்டுகளில் வந்த இரண்டு பாகங்களால்தான் நம் இளைஞர்கள் பலர் இந்தக் கதைக்குள் வந்தார்கள். ஆனால் படச் சான்றைத் தனி நெடுவரிசையில் வையுங்கள். மணிமேகலை படத்தில் இல்லை. அவள் இல்லாமல் வந்தியத்தேவன்மேல் விழும் கொலைப்பழிக் கட்டங்களை எடைபோட முடியாது.

வானதி மயங்கி விழுவது பலவீனமா, நடிப்பா?

அருள்மொழியை வழியனுப்பும்போது கையிலிருந்த தட்டு நழுவ, மயங்கி விழுந்த பெண் என்றுதான் அவளை எல்லோரும் முதலில் அறிகிறார்கள். அரண்மனைத் தோழிகளே அதை நடிப்பு என்று கிசுகிசுக்கிறார்கள். அவர்கள் பேச்சு கடைசித் தரம்: பொறாமை இருக்கிறது. எங்கள் எண்ணம், வானதியின் உறுதியை அளக்கவேண்டிய இடம் அவளுடைய சபதம். சிங்காதனத்தில் உட்காரமாட்டேன் என்று பூங்குழலியிடம் சொன்னவள் அவள். ராணியாக வேண்டும் என்று கனவு கண்ட பூங்குழலியோ, கோயிலுக்குப் பூக்கட்டும் சேந்தன் அமுதனை மணந்து, அவன்தான் உத்தம சோழன் என்று தெரிந்தபின் அரியணைக்கே போகிறாள். வேண்டாம் என்றவளும் வேண்டும் என்றவளும் எதிரெதிராக நடந்து இடம் மாறிக்கொள்கிறார்கள். கல்கி இதை வெகு முன்னரே திட்டமிட்டிருந்தாரா என்பது நல்ல கணிப்புக்குப் பொருள்; 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் எழுதிய தொடர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு தேடுங்கள்.

அன்றாடக் கற்பனை என்றால் என்ன? எப்படி எழுதுவது?

கதாபாத்திரத்தை மாற்றாமல் இடத்தை மட்டும் மாற்றுவது. வந்தியத்தேவன் கைப்பேசி வைத்திருக்கலாம், மெட்ரோவில் போகலாம். ஆனால் அவன் வாய்த்துடுக்கு, பசி, நொடியில் பிறக்கும் பொய், பெண்கள் முன்னால் வீரம் காட்டும் அவசரம், இவை அப்படியே இருக்கவேண்டும். கணிப்பு எழுதிப் பழகியவர்களுக்கு இது எளிதாக வருவதற்குக் காரணம், ‘இவன் இதைச் செய்யமாட்டான்’ என்று சொல்லத் தெரிந்திருப்பதுதான்.

அளவு 350 முதல் 400 சொற்கள். கூட்டத்தில் வாசிக்க நான்கு நிமிடம். ஒரே இடம், ஒரே விருப்பம், ஒரே தடை. முதல் மூன்று வரிக்குள் பாத்திரத்துக்கு என்ன வேண்டும் என்று வாசகருக்குத் தெரிந்துவிட வேண்டும். தடை வெளியிலிருந்து வரலாம், ஆனால் அதைப் பெரிதாக்குவது பாத்திரத்தின் சொந்தக் குணமாக இருக்கவேண்டும். முடிவில் அவன் தோற்கலாம், அவமானப்பட்டுப் போகக்கூடாது.

இதற்குக் கல்கியே பாடம் வைத்திருக்கிறார்: அரிசிலாற்றங்கரை முதலை. பெண்கள் பின்னால் வாய் பிளந்து கிடக்கும் முதலையைக் கண்டு வந்தியத்தேவன் வேலை எறிகிறான். அது பஞ்சடைத்த செத்த முதலை. சிரிப்பு எங்கே பிறக்கிறது என்று பாருங்கள். அவன் செய்தது வீரமே, நோக்கமும் நல்லது, தகவல் மட்டும் தப்பு. வாசகர் அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அவன் பக்கம் நிற்கிறார். உங்கள் கதையில் வாசகர் சிரித்துவிட்டு விலகிப்போனால் எங்கோ ஏளனம் கலந்துவிட்டது என்று பொருள்.

அடிக்கடி கெடுவது இன்னொன்று: ஊர்ப்பெயர்களை அடுக்குவது. குந்தவை ரோஸ் ஹில் போனாள், காத்ர் போர்ன் போனாள், கியூர்பிப் போனாள் என்று எழுதினால் பயண அட்டவணைதான் கிடைக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு காட்டமுடியுமா?

வந்தியத்தேவனும் மெட்ரோவும். முதலில் கதையை மாட்டிவைக்க நாவலில் ஓர் ஆணியைத் தேடுங்கள். நந்தினி கொடுத்த பனை இலச்சினை மோதிரத்தைக் காட்டித்தான் அவன் தஞ்சைக் கோட்டைக்குள் நுழைகிறான். தனக்கு உரிமையில்லாத அடையாளம் அது. மொரீஷியஸில் அதற்கு நேரான பொருள் என்ன? முதியோர் பயண அட்டை. நம் தீவில் முதியவர்களுக்கும் மாணவர்களுக்கும் பொதுப் போக்குவரத்து இலவசம்.

அடுத்தது அவன் பொய்யின் இலக்கணம். சுந்தர சோழரிடம் ‘அபாயம்’ என்று கத்திவிட்டு, சின்னப் பழுவேட்டரையர் பிடித்துக்கொண்டதும் ‘அபயம் என்றல்லவா சொன்னேன்’ என்று சமாளிப்பான். இதுதான் முன்னே சொன்ன ஓரெழுத்துக் கட்டம். அவன் பொய் எப்போதும் உண்மைக்குப் பக்கத்து வீட்டில் குடியிருக்கும். பெரிய கட்டுக்கதை அவனுக்கு வராது. வந்தால் அவன் வந்தியத்தேவன் இல்லை.

இனிக் கதை தானாக நடக்கும். போர்ட் லூயிஸிலிருந்து கியூர்பிப்புக்கு அவசரமாக ஓலை கொண்டுபோகிறான். கையில் பக்கத்து வீட்டுப் பாட்டியின் அட்டை. பரிசோதகர் கேட்கிறார்:

“இது யாருடைய அட்டை?”

“பாட்டியுடையது.”

“பாட்டி எங்கே?”

“‘பாட்டியுடையது’ என்றா கேட்டது? ‘பாட்டில் உடைந்தது’ என்றேன் ஐயா. அங்கே பாருங்கள், ஜன்னலோரம்.”

பரிசோதகர் திரும்பிப் பார்க்கிறார். அங்கே உண்மையாகவே ஒரு பாட்டில் உடைந்து கிடக்கிறது, பக்கத்தில் கைத்தடியோடு ஆழ்வார்க்கடியான் உட்கார்ந்திருக்கிறான். எங்கும் எதிர்பாராமல் முளைப்பது அவன் சுபாவம் என்பதால் இது வலிந்த தற்செயலாகத் தெரியாது. டிக்கெட் காசை அவன் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஓலையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பான். அந்தக் கேள்வியில் நிறுத்துங்கள்.

பூங்குழலிக்கு எந்தச் சூழல் பொருந்தும்?

புயல் எச்சரிக்கை. இரண்டாம் பாகத்தின் பெயரே ‘சுழற்காற்று’. கோடிக்கரைக் கலங்கரை விளக்கக் காவலர் மகள் அவள். நம் ஆல்பியன் கலங்கரை விளக்கத்தருகே குடிவைத்தால் இயல்பாக இருக்கும். எச்சரிக்கை 1 முதல் 4 வரை ஏறும்போது ஊர் செய்வது எல்லோருக்கும் தெரியும்: ரொட்டி, மெழுகுவத்தி, வாளிகளில் தண்ணீர். ஊர் முழுக்க வீட்டுக்குள் ஓடும்போது அவள் ஒருத்தி படகை நோக்கி நடக்கிறாள். தடை கடலோரக் காவலர். பேராசை பிடித்த அண்ணி ராக்கம்மாளைக் கடையின் கடைசி ரொட்டிகள் அத்தனையும் அள்ளவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: புயலால் வீடு இழந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். காற்று வீசத் தொடங்கும் முன்பே கதை முடியட்டும்.

ஆழ்வார்க்கடியானைக் கோயிலுக்குள் கொண்டுவரலாமா?

அன்போடு கொண்டுவாருங்கள். சைவரைக் கண்டால் வாதத்துக்கு நிற்கும் வீர வைஷ்ணவனுக்கு, முருகன் கோயில்களும் அம்மன் கோயில்களும் நிறைந்த நம் தீவு பெரிய சோதனை. புரட்டாசிக் கோவிந்தன் விரதம் வந்தால் ஆள் மலர்ந்துவிடுவான். வாழையிலையில் ஏழு கறி விழும்போது எந்தக் கறி முதலில் என்று வாதம் தொடங்குவான். ரசம், நம் வழக்கில் ‘ரசோன்’, வந்ததும் வாயடைத்துப்போவான். அவன் பிடிவாதம் கதைக்குப் பொருள் ஆகலாம். விரதம், காவடி, அலகு, தீமிதி இவை ஆகக்கூடாது.

கிரியோல் சொற்கள் கலக்கலாமா?

கலக்காமல் நம் வாழ்க்கையை எழுதமுடியாது. 400 சொல்லில் ஐந்தாறு போதும், தமிழ் எழுத்தில். பேச்சில் மட்டும் வரட்டும், கதைசொல்லியின் வாக்கியத்தில் வேண்டாம். தமிழிலிருந்து கிரியோலுக்குப் போன சொற்கள் நல்ல விருந்து: முருங்கைக்கீரை ‘ப்ரேத் மூரும்’ ஆனது, பீர்க்கங்காய் ‘பிப்பங்காய்’ ஆனது. சந்தையில் இந்தச் சொற்களைக் கேட்டுத் தன் ஊர்க்காரர் யாரோ முன்னமே வந்திருக்கிறார் என்று கண்டுபிடிக்கும் வந்தியத்தேவன் ஒரு முழுக்கதைக்குக் காணும்.

தமிழ் பேச்சுக் காதில் விழும், எழுத்து வராது என்பவர்களுக்கு?

ஒருவர் உரக்கப் படியுங்கள். பெரும்பாலான அத்தியாயங்கள் 15 முதல் 20 நிமிடத்தில் முடியும். ஒவ்வோர் ஐந்து நிமிடத்துக்கும் நிறுத்தி, என்ன நடந்தது என்று கிரியோலில் ஒருவரைச் சொல்லவிடுங்கள். பழைய சொற்களை முன்னாலேயே பலகையில் எழுதி வையுங்கள்: சிவிகை, பள்ளிப்படை, இலச்சினை, ஆதுரசாலை. ஒரு வேளைக்கு எட்டுச் சொல்லுக்கு மேல் வேண்டாம். பிள்ளைகளுக்குக் கணிப்பு வேலையை முதல் நாளிலேயே கொடுங்கள். பெயர்களை அட்டைகளில் எழுதி ‘உண்மை சொல்பவர்’, ‘பொய் சொல்பவர்’ என்று இரண்டாகப் பிரிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு மாதமும் அட்டைகள் இடம் மாறும்.

வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் முடிவை உடைத்துவிட்டால்?

பாகத்துக்கு ஒரு குழு என்று ஐந்து வைத்துக்கொள்ளுங்கள். முடித்தவரை மட்டும் அடுத்ததில் சேருங்கள். அப்படியும் உடைந்தால், உடைந்தது சேந்தன் அமுதன் ரகசியமா என்று மட்டும் பாருங்கள். கரிகாலன் சாவு வரலாற்றிலேயே இருக்கிறது, தெரிந்தும் படிக்கலாம். அமுதன் ரகசியம் தெரிந்துவிட்டவரை மட்டும் ஒரு வேலையில் அமர்த்துங்கள்: அவன் வரும் ஒவ்வோர் இடத்திலும் கல்கி முன்கூட்டியே போட்ட தடயத்தை அவர் குறித்துக்கொண்டே வரட்டும். கடைசிக் கூட்டத்தில் அந்தப் பட்டியலை அவரே வாசிப்பார்.